முகம் தெரியாத நாலு நிமிடம்

பொம்பிளைப் பிள்ளைகள் படத்தில் வரக்கூடாது. தலைமை ஆசிரியர் போட்ட நிபந்தனை அது ஒன்றுதான். கமெராவைத் தொடக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே வாதாடியிருப்பேன். எனக்கு அப்போதும் வாய் சும்மா இருக்காது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டமொன்றில் எங்களுக்கு வயலும் மேட்டுக்காணியும் கிடைத்திருந்தன. அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்த துண்டு நிலத்தைத் தமையனுக்கு விட்டுவிட்டு, காடு வெட்டி வயல் செய்ய வந்தவர். எங்கள் வாய்க்கால் பக்கமிருந்து மேல்வகுப்புக்குப் போன ஒரே பெண் நான். பெரியப்பா வரும்போதெல்லாம், பெடியளோடு இருத்திக் குமரை என்னத்துக்குப் படிப்பிக்கிறாய் என்று அப்பாவைக் கிண்டுவார். பெரியப்பா பஸ் ஏறிய பிறகு அப்பா என்னைக் கூப்பிடுவார்.

"உன்னைப் பற்றி ஒரு கதை வந்தாலும் அண்டைக்கே படிப்பு நிண்டுது. விளங்குதோ?"

"ஓம் அப்பா."

அப்பா சொன்னால் செய்கிற மனிதர். அதனால் பள்ளிக்கூடத்தில் நான் சிரிக்கும் சத்தத்தைக்கூட அளந்துதான் சிரித்தேன். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்குப் போகவேண்டும், சொந்தச் சம்பளத்தில் வாழவேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி இருந்தது. மேல்வகுப்புப் பரீட்சை இல்லாமல் அது நடக்காது.

கமெரா எங்கள் வகுப்பில் படித்த ஒருவனுடைய தமையனுடையது. முல்லைத்தீவுக் கரையில் கடல்தொழில் செய்யும் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். தமையன் மட்டும் கப்பலில் வேலைக்குப் போய், ஏதோ ஒரு துறைமுகத்தில் அதை வாங்கியிருந்தார். விடுமுறையில் வந்தவர், விடுதியில் தங்கிப் படித்த தம்பியிடம் அதை ஒரேயொரு பிலிம் சுருளோடு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். பாடப்புத்தகத்தைவிடச் சிறிய, கனமான பெட்டி. பக்கத்தில் ஒரு சாவி. மணிக்கூட்டுக்கு முறுக்குவதுபோல முறுக்கினால் அரை நிமிடம் கிர்ரென்று ஓடும். சுருளின் ஒரு பக்கம் முடிந்ததும் நிழலில் வைத்துத் திறந்து, புரட்டிப் போட்டு மறு பக்கமும் எடுக்கலாம். எல்லாம் சேர்த்து நாலு நிமிடம். சத்தம் கிடையாது. வெட்டி ஒட்டவும் எங்களிடம் ஒன்றும் கிடையாது. எந்த வரிசையில் எடுக்கிறோமோ அந்த வரிசையில்தான் படம் ஓடும்.

நாலு நிமிடத்தில் முழுக்கதை சொல்ல முடியாது. அப்படியென்றால் ஒரு கொலைக்கதையின் தொடக்கத்தை மட்டும் எடுப்போம், மிச்சத்தைச் சனங்கள் வீட்டில் போய் யோசித்துப் பயப்படட்டும் என்று நான் சொன்னேன். தமிழ் மன்றத்துக்கு நான்தான் செயலாளர். கலைவிழாவுக்கு ஏதாவது புதிதாகச் செய்யவேண்டும் என்று எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபடியால் உடனே ஒத்துக்கொண்டார்கள். கதை இதுதான்: ஒரு பெண் கையில் சிறிய பெட்டியோடு குளக்கட்டால் தனியே போகிறாள். பின்னால் ஒருவன் வருகிறான். அவன் கையில் காட்டுக்கத்தி. அவள் நிற்கிறாள். படம் முடிகிறது.

கமெராவைப் பிடிப்பது யார் என்பதில் பெரிய இழுபறி. கமெராக்காரன் தன் தமையனுடைய பொருள் என்று நின்றான். கதை என்னுடையது, எங்கே நின்று பார்க்கவேண்டும் என்பது எனக்குத்தான் தெரியும் என்று நான் நின்றேன். அவனுக்குச் சாவி, எனக்குக் கண் என்று கடைசியில் சமாதானமானோம். அன்றிலிருந்து நான் வெற்று நெருப்புப்பெட்டியின் உள்தட்டைக் கழற்றிவிட்டு, கூட்டை ஒரு கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். மாடு, வேலி, அம்மா குசினியில் குனிந்து அடுப்பை ஊதுவது, எல்லாம் அந்தச் சிறு சதுரத்துக்குள். அம்மாவின் முதுகை மட்டும் பார்த்தபோது, அவள் அழுகிறாளோ என்று எனக்கு ஒரு கணம் நெஞ்சு திக்கென்றது. திரும்பினாள், வாயில் வெற்றிலை. முகம் தெரியாவிட்டால் மனம் தானாகக் கெட்டதை நினைக்கிறது என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

பெண் வேடத்துக்கு ஒருவன் தயாராக இருந்தான். ஊரில் கூத்தாடும் குடும்பம், அவனும் பெண் வேடம் கட்டி நல்ல பெயர் எடுத்தவன். பின்தொடர்பவனாக எங்கள் வகுப்பு நெட்டையன். தமையன் திங்கட்கிழமை கப்பலுக்குத் திரும்புகிறார், அதற்குள் கமெரா போய்ச் சேரவேண்டும் என்று செய்தி வந்தது. ஆகவே ஒரு சனிக்கிழமை, மேலதிக வகுப்பு முடிந்த கையோடு நாங்கள் நாலு பேரும் குளக்கட்டுக்குப் போனோம். காவலுக்கு வந்த ஆசிரியர் மருதமரத்துக்குக் கீழ் கதிரை போட்டு, கொப்பிகள் திருத்திக்கொண்டே தூங்கிப்போனார்.

கூத்துக்காரன் சேலையில் அழகாகத்தான் இருந்தான். கட்டின் நடுவில் நிறுத்தி, நேரே நடந்து போகச் சொன்னேன். கமெரா ஓடத் தொடங்கியது. பத்தடி போனவன் ஒரு தாளத்தோடு காலை வைத்து, சுற்றித் திரும்பி, முகத்தை எனக்குக் காட்டினான். பிறகு குளத்தைப் பார்த்தான். பிறகு வயல் பக்கம் பார்த்தான்.

"நீர் ஏன் சுத்துறீர்?" என்று கத்தினேன்.

"நாலு பக்கத்துச் சனமும் முகம் பாக்க வேணுமெல்லோ?"

வட்டக் களரியில் ஆடிப் பழகியவன். சுற்றிலும் இருக்கும் சனத்தில் ஒருவருக்காவது முகம் மறைந்துபோனால் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் களரியிலேயே கையில் அடி போடுவாராம். இங்கே குளமும் வயலும்தான் சனம் என்று எத்தனை சொன்னாலும் கமெரா கிர்ரென்றதும் கால் தானாக வட்டம் போட்டது. கொலைகாரன் பின்னால் வர, இவன் நாலு திசைக்கும் முகம் காட்டினான். நெட்டையன் சிரிப்பை அடக்க முடியாமல் கத்தியைக் கீழே போட்டான். மூன்றாம் முறையும் அப்படியே. சாவிக்காரன் கமெராவின் சிறிய முள்ளைப் பார்த்துவிட்டு, ஒரு பக்கம் முடிந்தது என்றான். இரண்டு நிமிடம் வீண்.

எனக்கு வந்த கோபத்தில் கண் கலங்கிவிட்டது. சாக்கு ஒன்றின் அடியில் கையை விட்டுச் சாவிக்காரன் சுருளைப் புரட்டிப் போட்டான். வெயில் மஞ்சளாகச் சரிந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் போதாது. நாளைக் காலை கமெரா தமையனிடம் போய்விடும். மரத்தடியில் ஆசிரியர் குறட்டை. கூத்துக்காரன் குற்றவாளியைப் போலச் சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"சேலையைக் கழட்டித் தாரும்" என்றேன்.

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். "உம்மடை அப்பா?" என்று சாவிக்காரன் மெல்லக் கேட்டான்.

"முதுகுக்கு ஆர் பேர் எழுதி ஒட்டியிருக்கினம்? சுருளின்ரை முதல் பக்கத்திலை இவரின்ரை முகம் இருக்குது. மற்றப் பக்கத்தையும் சனம் இவரெண்டுதான் நினைக்கும்."

பெரிய கெட்டிக்காரிபோலச் சொன்னேன், ஆனால் பள்ளிக்கூட உடுப்புக்கு மேலே சேலையை இரண்டு தரம் பிழையாகச் சுற்றி அவிழ்த்தேன். ஒரு கதை போதும், எல்லாம் முடிந்துவிடும். அது தெரிந்துதான் தலைப்பை இழுத்துத் தலையை மூடினேன். படம் வேண்டும் என்ற ஆசை அத்தனை பெரிதாக இருந்தது.

எடுக்கவேண்டியதை மண்ணில் குச்சியால் வரிசையாகக் கீறிக் காட்டினேன். முதலில் என் கால்கள். பிறகு கட்டின் சரிவில் விழும் என் நிழல். நிழல் போய் வெறும் மண் தெரியவேண்டும், அந்த வெறும் மண்ணை மனதுக்குள் மூன்று எண்ணும்வரை பிடிக்கவேண்டும். அதன் பிறகுதான் நெட்டையனுடைய நிழல் வரவேண்டும். நான் போகிற திசையிலேயே அவனும் வரவேண்டும், இல்லாவிட்டால் எதிரே வந்து சுகம் விசாரிக்கிறவன் போலிருக்கும். சாவிக்காரன் சரிவில் குப்புறப் படுத்துக்கொண்டான். முழங்கையில் நெருஞ்சி குத்தியும் அசையவில்லை.

எல்லாம் நான் நினைத்தபடியே போனது. கடைசியாக மிஞ்சியது ஒன்று: நான் முதுகு காட்டி நடந்து போய், பின்னால் ஆள் வருவதை உணர்ந்து நிற்கவேண்டும். நடந்தேன். கட்டு வளைந்து காட்டோடு சேரும் இடம் வந்தது. வலப் பக்கத்துப் பற்றைக்குள் ஒரு கொப்பு முறியும் சத்தம் கேட்டது.

நடிப்பு அங்கே முடிந்துவிட்டது. அது யானை தண்ணிக்கு இறங்கும் வழி. மத்தியானத்தில் பயமில்லை, பொழுது சாயும்போது அந்த வளைவில் யாரும் நிற்பதில்லை. படம், படம் என்று நாங்கள் வெளிச்சத்தைத்தான் பார்த்தோம், நேரத்தைப் பார்க்கவில்லை. ஓடாதே, திரும்பாதே, முதலில் காற்றைப் பார் என்று அப்பா சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருந்தார். நின்றேன். நான் இடக்கைக்காரி. பெட்டியை வலக்கைக்கு மாற்றி, குனிந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து, விரலைத் தளர்த்தி விழவிட்டேன். தூசி என் பக்கமாகச் சாய்ந்தது. என் மணம் அதற்குப் போகாது. இன்னொரு கொப்பு முறிந்தது. என் காதுக்குள் என் இரத்தம் ஓடுவது கேட்டது. பிறகு சத்தம் மெல்ல மெல்ல உள்ளே போய்த் தேய்ந்தது.

திரும்பி நடந்தபோது நெட்டையன் கத்தியோடு சிலையாக நின்றான். சாவிக்காரன் இன்னும் குப்புறப் படுத்திருந்தான். பயத்தில் விரல் இறுகி, சுருள் முடியும்வரை பொத்தானை அமத்திக்கொண்டே இருந்திருக்கிறான். அது யானையா, மேய்ந்து திரிந்த கட்டாக்காலி எருமையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சுருளைக் கழுவக் கொழும்புக்கு அனுப்பினோம். அது திரும்பி வரும்வரை நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. தலைப்பு காற்றில் விலகியதா? குனிந்தபோது முகம் திரும்பியதா? எதையும் பார்த்துச் சொல்ல வழியில்லை. வீட்டில் அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே, விசயம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பொதி கலைவிழா அன்று காலையில்தான் வந்தது. படம் காட்டும் சின்ன யந்திரத்தைப் பட்டணத்துப் போட்டோக் கடைக்காரர் பின்னேரம்தான் தன் கையாலேயே கொண்டு வந்தார். முன்கூட்டிப் போட்டுப் பார்க்க நேரமே இருக்கவில்லை.

"வேண்டாமெண்டால் சொல்லும், சுருள் பழுதாப்போச்செண்டு சொல்லிவிடுறன்" என்றான் சாவிக்காரன். நல்ல மனம் அவனுக்கு. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அதைப் பார்க்கவேண்டும். பயந்து செத்தாலும் பார்த்துவிட்டுத்தான் சாகவேண்டும் போலிருந்தது.

மண்டபத்தில் ஆண்கள் முன்னால் நீள மர வாங்குகளில், பெண்கள் பின்னால் பாயில். பெற்றார் சங்கத்தில் இருந்தபடியால் அப்பா முதல் வரிசையில், வெள்ளைச் சால்வையோடு. அரிசி ஆலையில் இரவல் வாங்கிய எஞ்சின் வெளியே டொக் டொக்கென்று அடித்தது. விளக்கை அணைத்தார்கள். சுவரில் கட்டிய வேட்டியில் எங்கள் குளக்கட்டு விழுந்ததும் சனம் "ஆ" என்றது. தங்கள் குளத்தைத் திரையில் யாரும் அதற்கு முன் கண்டதில்லை.

கூத்துக்காரன் வந்து சுற்றினான். மண்டபமே வெடித்துச் சிரித்தது. பெண்கள் அவன் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வீணென்று நான் அழுத அந்த இரண்டு நிமிடம் எனக்குச் செய்த உதவியை அப்போதுதான் முழுதாக உணர்ந்தேன். சேலைக்குள் இருப்பது யார் என்று இனி ஒருவருக்கும் சந்தேகம் வராது. சிரித்துக் களைத்து, உடம்பு இளகி, சனம் எதற்கும் ஆயத்தமில்லாமல் இருந்த நேரத்தில் என் கால்கள் வந்தன.

சிரிப்பு குறைந்தது. நிழல் வந்தது, போனது. வெறும் மண். ஒன்று, இரண்டு, மூன்று. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மனுசி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்ற நிழல் கத்தியோடு வந்தபோது மண்டபத்தில் எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தக் கணத்தில் நான் பட்ட சந்தோசத்தை எப்படிச் சொல்வது? இத்தனை பேருடைய மூச்சையும் நான் பிடித்து வைத்திருந்தேன்.

கட்டு வளைந்தது. திரையில் அந்தப் பெண் நின்றாள். முகம் தெரியவில்லை. வலப் பக்கத்துப் பற்றை அசைந்தது. அன்று எனக்கு அது கேட்டதே தவிர, அசைந்ததை நான் காணவில்லை. பெட்டியை வலக்கைக்கு மாற்றினாள். குனிந்தாள். இடக்கையால் மண் எடுத்து விழவிட்டாள்.

முதல் வரிசையில் வெள்ளைச் சால்வை எழும்பியது.

"ஊஊய்ய்!"

அது அப்பாவின் குரல். எங்கள் பக்கத்தில் காவல் குடிலில் இருப்பவர், கட்டில் ஆள் நிற்க யானை வருவதைக் கண்டால் அப்படித்தான் குரல் கொடுப்பார். கேட்டவர் உடனே திருப்பிக் குரல் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் ஆளுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று தீப்பந்தத்தோடு எல்லோரும் இறங்கி ஓடி வருவார்கள். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து பழகியது அது. யோசித்துச் செய்வதில்லை.

"ஊஊய்ய்!" என்றேன் நான். பாயில் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

முழு மண்டபமும் திரும்பி என்னைப் பார்த்தது. அந்தக் கடைசிக் காட்சியின் மிச்சத்தை, நாங்கள் எடுத்ததிலேயே ஆகச் சிறந்த துண்டை, ஒருவரும் பார்க்கவில்லை. அந்த நிலையிலும் எனக்கு அதில் ஆத்திரம்தான் முதலில் வந்தது. பிறகு சுருள் முடிந்து வால் படபடவென்று அடிக்க, விளக்கைப் போட்டார்கள். நான் நின்றபடியே நின்றேன். அப்பாவும் நின்றபடியே நின்றார். தலைமை ஆசிரியரின் முகம் கறுத்திருந்தது. "உவளோ? உவளோ?" என்ற குசுகுசுப்பு பாய் பாயாகப் பரவியது.

வீடு போகும் வழி முழுக்க அப்பா ரோர்ச் லைற்றோடு முன்னால் நடந்தார். ஒருதரமும் திரும்பவில்லை. அடித்தாலும் தாங்கியிருப்பேன். வீட்டில் அம்மா போட்ட சோற்றை வேண்டாம் என்றார். என் புத்தகங்களை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டுப் படுத்தேன். இனி அவற்றுக்கு வேலையில்லை என்றுதான் நம்பினேன்.

விடிந்தது. அன்று எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை, அப்பா மடைக்குப் போயிருக்கவேண்டும். போகவில்லை. கிணற்றடியில் கால் முகம் கழுவி, நல்ல சேட் போட்டுக்கொண்டு வந்தார்.

"வெளிக்கிடு."

"எங்கை அப்பா?"

"பள்ளிக்கூடத்துக்கு. நட, நான் பின்னாலை வாறன்."

பெயரை வெட்டத்தான் கூட்டிப் போகிறார். வேறென்ன? குளக்கட்டால் நான் முன்னே, அவர் பின்னே. அவருடைய செருப்புச் சத்தம் என் முதுகில் விழுந்துகொண்டே வந்தது. தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் கிளாசைக் கையில் வைத்தபடி பார்த்தார்கள். கண்ணீர் வழிந்ததைத் துடைத்தால் அழுகிறேன் என்று தெரிந்துவிடும் என்று துடைக்காமலே நடந்தேன்.

தலைமை ஆசிரியர் எங்களை இருக்கச் சொல்லவில்லை. "சொன்ன சொல்லை மீறிப் போட்டா. சனம் என்ன கதைக்குதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே? நீங்களே பிள்ளையை நிப்பாட்டினால் எல்லாருக்கும் மரியாதை" என்றார்.

அப்பா சால்வையைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்ரர், கட்டிலை நிண்டது என்ரை பிள்ளைதான். நான் மறைக்க வரேல்லை. உங்கடை சொல்லை மீறினது பிழை, அதுக்கு நீங்கள் என்ன தண்டனை குடுத்தாலும் சரி. ஆனால் நான் குரல் குடுத்தன், அவள் திருப்பிக் குடுத்தாள். அவ்வளவு சனத்துக்கு முன்னாலை குடுத்தாள். கதை வருமெண்டு பயந்து வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தாளெண்டால், இண்டைக்கு நானே வந்து பேரை வெட்டியிருப்பன்."

தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னிடம், "மன்றச் செயலாளர் வேலை இனி உமக்கில்லை. வகுப்புக்குப் போம்" என்றார்.

வாசலைத் தாண்டியதும் அப்பா என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"உந்தப் படத்தை எடுத்தது ஆர்?"

"முதல் பாதி நான்தான் அப்பா, மற்றப் பாதி கமெராவின்ரை சொந்தக்காரன். எங்கை நிண்டு எடுக்க வேணுமெண்டதும் நான்தான் சொன்னது."

அவர் கையில் பிடித்திருந்த சால்வையைத் தோளில் போட்டார்.

"இனி என்னை அப்பிடிப் பயப்பிடுத்தாதை" என்று சொல்லிவிட்டு, மடைக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாக நடந்தார்.